மாற்றுச் சிறுநீரகமும் லோ பிபியும்: எங்கே தவறுகிறோம்?

சிறுநீரக நோய் என்றாலே பிபி ஏறுவதைப் பற்றித்தான் பேசுவோம். அதனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு மேல் அளவு 90, 95 என்று வந்தால் வீட்டில் நிம்மதி. முதல் தவறு அந்த நிம்மதிதான்.

பிபி கொஞ்சம் இறங்கினாலும் ஆரோக்கியமான சிறுநீரகம் தன் இரத்தக் குழாய்களைத் தளர்த்திச் சமாளித்துக்கொள்ளும். கொடையாளரிடமிருந்து எடுத்து, குளிரில் காத்திருந்து, புது உடம்பில் இணைக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு ஆரம்ப நாட்களில் அந்தத் திறன் குறைவு. பிபி இறங்கினால் அதற்குள் போகும் இரத்தமும் இறங்கும். சிறுநீர் பிரியத் தாமதமாகி, முதல் வாரத்திலேயே மறுபடி டயாலிசிஸ் தேவைப்படலாம். சில சமயம் குழாயில் இரத்தம் உறைந்து, பொருத்திய சிறுநீரகமே கைவிட்டுப் போகிறது.

டயாலிசிஸின்போது தலை சுற்றியதை, மயங்கியதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் பலர். சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்ற பயம். புரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். பிபியை ஏற்ற மிடோட்ரின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். லோ பிபி மட்டுமே மாற்று அறுவைக்கான கதவை அடைத்துவிடாது. இதயம் பலவீனமா, உலர் எடையை (டயாலிசிஸில் கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) குறைவாகக் கணித்திருக்கிறார்களா, பிபி மாத்திரை அதிகமா என்று முன்பே பார்த்தால் சரிசெய்ய வழி உண்டு.

அறுவைக்கு முந்தைய டயாலிசிஸில் நீரை அளவுக்கு மீறி எடுத்துவிடுவதும் ஆபத்துதான். மயக்க மருந்து கொடுத்ததும் பிபி சட்டென்று சரியும். அன்று காலை எந்த பிபி மாத்திரை போடலாம், எதை விடலாம் என்று கேட்டே செய்யுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீடு திரும்பிய பிறகு நான் மிகவும் அஞ்சுவது வயிற்றுப்போக்கை. உடம்பில் நீர் வற்றும், பிபி இறங்கும். அதே நேரத்தில், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டேக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி, சிறுநீரகக் குழாய்களைச் சுருக்கும். இரண்டு அடியும் ஒரே இடத்தில் விழும். 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். வழக்கமான பிபி மாத்திரையைத் தொடரலாமா என்றும் கேளுங்கள். இந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். நிராகரிப்பைத் தடுக்க எடுக்கும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலும் பிபி படுத்துவிடும்.

பிபி பார்க்கும்போது ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் பட்டையைச் சுற்றாதீர்கள். பிபி தொடர்ந்து இறங்கியே இருந்தால் அந்த ஃபிஸ்டுலாவும் அடைத்துக்கொள்ளலாம். தினமும் விரல் வைத்து அதன் அதிர்வைப் பாருங்கள்.