நாவலையும் திரைப்படத்தையும் ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாவல் படமாகி வெளிவந்ததும் எழுதப்படும் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் பல, படத்தில் விடுபட்டவை எவை, புதிதாகச் சேர்ந்தவை எவை என்ற பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பட்டியலிடுவது தேவையான வேலைதான். ஆனால் அது எழுத உட்காரும் முன் முடிந்துவிட வேண்டிய வேலை. ஒரு மாற்றத்தைக் கண்டபின், அதனால் கதை யாருடைய கதையாகிவிட்டது என்று கேட்காமல் விடுவதே எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு.

பூமணியின் ‘வெக்கை’ நாவலையும் (1982), அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ படத்தையும் (2019) எடுத்துக்கொள்வோம். சிறுவன் சிதம்பரம் செய்யும் கொலையில் தொடங்கும் நாவல், அவனும் தந்தையும் காடுமேடாக ஒளிந்து திரியும் சில நாள்களை, பெரும்பாலும் அவன் மனத்துக்கு அருகிலேயே இருந்து சொல்கிறது. எங்கே படுப்பது, எதைச் சமைத்து உண்பது என்பவையும் அங்கே கொலைக்கு நிகரான செய்திகள். படத்தில் எடை தந்தை சிவசாமியின் பக்கம் சாய்கிறது. நாவலில் அவ்வளவு இடம் பெறாத அவரது இளமைக்காலம், படத்தின் பிற்பகுதியில் நீண்ட ஃபிளாஷ்பேக்காக விரிகிறது. ‘ஃபிளாஷ்பேக் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதுபவர், மகனின் ஆவேசம் தந்தையின் பழைய வரலாற்றில் ஒரு கண்ணியாக மாறிவிட்டதையும், தந்தையின் பொறுமைக்குப் படம் வெளிப்படையான காரணம் ஒன்றைத் தந்துவிட்டதையும் தவறவிடுகிறார். அது ஆதாயமா இழப்பா என்ற விவாதம் இதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.

மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதையே அளவுகோலாகக் கொள்வது அடுத்த தவறு. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடிப்படையாகக் கொண்டு மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ (1979), அந்தக் குறுநாவலை விட்டு வெகுதூரம் விலகிச் செல்கிறது. ஊரார் திரண்டு, படத்தின் மையப் பாத்திரமான சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்க வைக்கும் புகழ்பெற்ற முடிவு படத்துக்கே உரியது. இதை நம்பிக்கைத் துரோகம் என்று எழுதுவது வீண். தழுவல் எவ்வளவு நெருக்கமானது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்கேற்ற கேள்விகளைக் கேட்பதே முறை.

நாவல் முதலில் எந்த வடிவில் வந்தது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்கவே அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கதவு தட்டப்படும், ஒரு நிழல் நகரும். 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வெளிவந்த படத்துக்கு அந்தத் தேவை இல்லை; ஆகவே அத்தகைய திருப்பங்கள் குறைந்ததை மட்டும் வைத்துத் திரைக்கதையைக் குறைசொல்வது நியாயமாகாது.

மனவோட்டத்தைப் படத்தால் காட்ட முடியாது என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. பின்னணிக் குரல் இல்லாமலே நடிகரின் தயக்கம், ஷாட்டின் நீளம், ஒலி அடங்கும் இடம் ஆகியவற்றால் படம் அதைச் சொல்ல முடியும். அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கக் காட்சியை இரண்டாம் முறை, வசனத்தை மறந்து பார்க்க வேண்டும். நாவலிலிருந்து பத்தி பத்தியாக மேற்கோள் காட்டிவிட்டு, படத்தைப் பற்றி ‘ஒளிப்பதிவு அருமை’ என்ற ஒரே வரியோடு முடித்துக்கொள்ளும் கட்டுரை, உண்மையில் நாவலை மட்டுமே விமர்சித்திருக்கிறது.