வான்னு கூப்பிட்டுட்டு எப்போ கெளம்புறன்னு கேக்காதீங்க

தியானம்னா மனசு காலியாகிடணும்னு நெனச்சே நான் ரெண்டு வருஷம் வீணாக்கினேன். பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டுல காலைல ஆறு மணிக்கு கண்ண மூடினா பக்கத்து வீட்டு குக்கர் விசில், கீழ தண்ணி டேங்கர், ரெண்டு மேலயும் கோவம் வரும், அப்புறம் தியானத்துல கோவம் வருதேன்னு இன்னொரு கோவம். பழைய பாலி மொழியில இருக்கிற "சல்லத்த சுத்த"ங்கிற பௌத்த உரையில புத்தர் இதைத்தான் ரெண்டு அம்புன்னு சொல்றார், முதல் அம்பு பட்ட வலி, ரெண்டாவது அதை நெனச்சு புலம்புறது.

நெறைய பேர் பண்ற பெரிய தப்பு, தியானத்துல வர்ற பயத்தையோ கோவத்தையோ வரவேற்கிறேன்னு சொல்லிட்டு துரத்துறது. "சரி பயமே, வா உக்காரு"ன்னு சொல்லுவோம், ஆனா ஒரு கண்ணு கடிகாரத்து மேலயே இருக்கும். ஊர்ல இருந்து வந்த மாமாவுக்கு காபி குடுத்துட்டு "ரிட்டர்ன் டிக்கெட் எந்த தேதிக்கு மாமா"ன்னு கேட்டா அவருக்குப் புரியாதா என்ன, பயத்துக்கும் புரியும். பாலி கதைகள்ல மனசைக் கலைக்க வர்ற மாரன் வந்தா புத்தர் அவன்கூட மல்லுக்கட்டறதே இல்ல, நீ மாரன்னு தெரியும்பார், அவன் முகம் வாடி மறைஞ்சிடுவான், அடுத்த கதையில திரும்பவும் வந்து நிப்பான். அவன் திரும்ப வந்தா உங்க தியானம் ஃபெயில்னு அர்த்தம் இல்ல.

இன்னொன்னு, கதையை ஓட்டுறத உணர்வோட இருக்கிறதுன்னு நெனச்சுக்கறது. மேனேஜர் அனுப்புன மெயிலுக்கு மனசுக்குள்ளயே அரை மணி நேரம் பதில் எழுதுவேன், அது தியானம் இல்ல, ஓவர்டைம். அந்த கோவம் உடம்புல எங்க இருக்கு, நெஞ்சு இறுகுதா, தொண்டை அடைக்குதான்னு பாருங்க. பர்மாவோட பௌத்த பிக்கு மகாசி சயாடோ முறையில "கோவம், கோவம்"னு மனசுக்குள்ள குறிச்சுக்குவாங்க, மெதுவா குறிக்கணும், ஆணி அடிக்கிற மாதிரி இல்ல.

நம்ம தமிழாளுங்களுக்குன்னே ஒரு குழப்பம் உண்டு, வேதனா. பாலியில அது நம்ம வேதனை இல்ல, சுகம், துக்கம், ரெண்டும் இல்லாதது மூணும் அதுல வரும், அதனால வலியைத் தேடிப் புடிச்சு உக்கார வேண்டாம், டீ நல்லா இருந்ததையும் கவனிங்க.

எதுலயும் கட்டாம கவனத்தை விரிச்சு விடுற பயிற்சில எடுத்த எடுப்புல இறங்காதீங்க, சில்க் போர்டு சிக்னல்ல நிக்குறப்ப வர்ற பகல்கனவுதான் மிஞ்சும். முதல்ல பத்து நிமிஷம் மூச்சு, அப்புறம் சத்தம், உடம்பு, எண்ணம்னு கதவைத் திறங்க. அமைதியான இடம் வேணும்னா மெஜஸ்டிக் பக்கத்துல காந்திநகர் மகாபோதி சொசைட்டி இருக்கு, 1956ல ஆச்சார்ய புத்தரக்கித ஆரம்பிச்சது, போங்க, ஆனா அங்க மட்டும்தான் உக்கார முடியும்னு ஆக்கிடாதீங்க.

பழைய அதிர்ச்சி ஏதாவது பொங்கி வந்து மூச்சு முட்டுச்சுன்னா பல்லைக் கடிச்சுட்டு உக்காராதீங்க. கண்ணைத் திறங்க, பாதம் தரையில படுறத உணருங்க, எழுந்து தண்ணி குடிங்க, திரும்பத் திரும்ப வந்தா டாக்டரைப் பாருங்க, மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் நம்ம ஊர்லயேதான இருக்கு.