பிக்கப்பில் டிரைவர் சீட் ஆடுகிறதா? முதலில் வெல்டிங் ஹோல்டரைக் கீழே வையுங்கள்

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் தொழில் பெரிது. வெல்டிங் தெரிந்த கை தெருவுக்குத் தெரு உண்டு. அதனாலோ என்னவோ, பிக்கப் வண்டியில் டிரைவர் சீட் ஆடுகிறது என்று யாராவது வந்து நின்றால், புதிதாகத் தொழில் பழகும் பையன்கள் எடுத்தவுடன் தேடுவது வெல்டிங் ஹோல்டரைத்தான். நாங்கள் பழகிய காலத்தில் என்ன செய்தோமோ அதையே இன்றும் செய்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகள்கூட மாறிவிட்டன, இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

லூசான போல்ட்டை இறுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முன்பக்கம் எஞ்சின் வைத்த, டிரைவருக்குத் தனி சீட் உள்ள பிக்கப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். டாடா ஏஸ் மாதிரி சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கிற வண்டிகளில் சீட்டைத் தூக்கும் கீல், கொக்கி என்று சங்கதி வேறு.

எங்கே ஆடுகிறது என்று பார்க்காமல் ஸ்பானர் போடுவது

சீட் ஆடுவதற்கு நான்கு இடங்கள் உண்டு. சீட் முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளமான ரயிலைத் தளத்தோடு பிடிக்கிற போல்ட், ரயிலுக்குள் ஓடுகிற ஸ்லைடர், சாய்வு மாற்றுகிற ரிக்ளைனர், குஷனுக்குள் இருக்கிற இரும்புச் சட்டம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே ஆட்டமாகத்தான் தெரியும்.

எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவரை சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். கிளட்சை முழுசாக மிதித்து மிதித்து விடட்டும். கிளட்சை மிதிக்கிற விசை பெரும்பாலும் முதுகு வழியாக சீட்டைப் பின்னால் தள்ளும். ஆட்டம் இருந்தால் அப்போது ஒளிந்துகொள்ள முடியாது. நீங்கள் கதவுப்பக்கம் குனிந்து, ரயிலும் தளமும் சேருகிற இடத்தில் விரலை வையுங்கள். பாதி விரல் ரயில் மேல், பாதி தளத்தின் மேல். இரண்டுக்கும் நடுவே அசைவு விரலில் பட்டால் போல்ட். அங்கே அசையாமல் மேல் ரயில் மட்டும் கீழ் ரயிலில் ‘டொக்’கென்று நகர்ந்தால் ஸ்லைடரின் பூட்டுப்பல் தேய்ந்திருக்கிறது. அடி அசையாமல் முதுகு மட்டும் போனால் ரிக்ளைனர். மூன்றும் சரியாக இருந்தால் குஷனைக் கழற்றி, சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான்கு போல்ட்டையும் முறுக்கு முறுக்கென்று முறுக்கி, நன்றாக இருந்த மரையையும் அழித்துவிட்டு, ‘இன்னும் ஆடுதுங்கண்ணா’ என்று வந்து நிற்பவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ரயிலைத் தளத்தோடு வெல்டு வைப்பது

இன்றைக்கும் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிற வேலை இது.

கொல்லிமலைக்கு லோடு ஓட்டுகிற ஒரு பிக்கப் வந்தது. போகும்போது மளிகை, வரும்போது பலாவும் வாழைத்தாரும். சீட்டின் பின்பக்க போல்ட்டில் ஒன்று மரை போய்ச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வேறொரு பட்டறையில் ரயிலின் நான்கு மூலையையும் தளத்தோடு வெல்டு வைத்து, ஸ்லைடரையும் நகராமல் ஒரு புள்ளி வைத்து, ‘இனிமே ஜென்மத்துக்கும் ஆடாதுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். பழைய டிரைவர் நெட்டையானவர், அவர் இருந்த வரை வண்டி ஓடியது. அடுத்து வந்த பையன் குள்ளம். சீட்டை முன்னால் இழுக்க வழியில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, நுனிக்காலால் கிளட்ச் மிதித்து, அந்த 70 கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்கியிருக்கிறான். ஒரு நாள் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது பின்பக்க வெல்டு இரண்டும் தகட்டோடு பிய்ந்து சீட் பின்னால் சாய்ந்தது. கால் கிளட்சிலிருந்து நழுவி, வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது. கை பிரேக்கை இழுத்ததால் பின்னால் வந்த பைக்காரர் தப்பினார்.

ஏன் பிய்ந்தது? வெல்டு சரியாக வைக்காததாலா? இல்லை. வைத்த வெல்டு அப்படியே முழுசாக இருந்தது. அதன் ஓரத்தில் இருந்த தகடுதான் கிழிந்திருந்தது. கேபின் தளம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தகடு, ரயில் அதைவிடத் தடிமனான, கெட்டியான இரும்பு. ரயில் உருகும் அளவுக்குச் சூடு வைத்தால் தகடு வெந்துபோகும். தகட்டுக்கு ஏற்ற சூடு வைத்தால் ரயிலில் பிடிக்காது. எப்படி வைத்தாலும் வெல்டின் ஓரம்தான் பலவீனமான இடம். வண்டி ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் அந்த ஓரம் அதிர்வில் மடங்கி மடங்கி விரிசல் விடும். அடிப்பக்கத்தில் பெயின்ட்டும் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோயிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. முதல் மழையிலேயே அங்கிருந்து துரு ஆரம்பிக்கும்.

ஆபத்து இன்னும் முடியவில்லை. தளத்தில் விரித்த ரப்பர் மேட்டுக்கு அடியில் ஃபெல்ட் இருக்கிறது, சீட்டில் ஃபோம் இருக்கிறது, இரண்டும் சட்டென்று பற்றும். தளத்துக்குக் கீழே டீசல் பைப்பும் பிரேக் பைப்பும் எந்த வழியாகப் போகிறது என்று குனிந்து பார்க்காமலே வெல்டு வைக்கிறார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டியில் எஞ்சினை இயக்கும் கணினியான இசியூவும் சென்சாரும் போனால் சீட் வேலைக்கு வந்த வண்டி எஞ்சின் வேலைக்கு நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது உயிர். சீட்டின் பிடிமானத்துக்கான ஐ.நா.வின் 17-ஆம் எண் விதி, 20 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேகக்குறைப்பை 30 மில்லி நொடி தாங்கவேண்டும் என்கிறது. சீட் 20 கிலோ என்றால், இடிக்கிற அந்தக் கணத்தில் 400 கிலோ இழுப்பதற்குச் சமம். பெல்ட் பக்கிள் சீட்டிலேயே பொருத்தியிருந்தால் ஆளின் பாரமும் அதோடு சேரும். அதைத் தாங்கத்தான் போல்ட், அதற்கு அடியில் தடித்த தகடு, மரை எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்கு புள்ளி வெல்டு அதற்கு ஈடாகாது.

சரி, மரை போன போல்ட்டை என்ன செய்வது? முதலில் மரை வெட்டுகிற டேப்பை விட்டுப் பாருங்கள், பல நேரம் துருவும் அழுக்கும்தான் அடைத்திருக்கும். நட்டே தளத்திலிருந்து விடுபட்டுச் சுற்றினால், 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மூலைகளை உருட்டி, நட்டை அந்தத் தகட்டில் வெல்டு வையுங்கள். மேஜை மேல் வைத்து, வண்டிக்கு வெளியே. பெயின்ட் அடித்துக் காயவிட்டு, தளத்தின் அடியிலிருந்து வைத்து மேலிருந்து போல்ட்டைப் போடுங்கள். பாரம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும், அடுத்தமுறை கழற்றவும் முடியும். நட் சுற்றாமல் மரை மட்டும் போயிருந்து, அது கை நுழையாத பெட்டிக்குள் இருந்தால் ஹெலிகாயில் (மரைக்குள் போடுகிற கம்பிச்சுருள்) போடலாம். ஓட்டையில் நசுக்கிப் பிடிக்கவைக்கிற ரிவெட் நட் சீட்டுக்கு ஆகாது.

அந்தக் கொல்லிமலை வண்டிக்குத் தளத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட்டு, ரயில் ஜோடியும் மாற்றினோம். உரிமையாளருக்கு அது பெரிய செலவு. ஆரம்பத்திலேயே ஒரு நட்டோடு முடிந்திருக்கவேண்டிய வேலை.

டப்பாவில் கிடந்த போல்ட்டைப் போடுவது

போல்ட் தலையில் அதன் வலிமைத் தரமான 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் கதவுக் கொக்கிக்கு ஆகலாம், சீட்டுக்கு ஆகாது. நீளத்தையும் பாருங்கள், பழையதைவிட நீளமான போல்ட் தளத்தைத் தாண்டி இறங்கி, கீழே போகிற பைப்பை உரசிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சீட்டைப் பிடிக்கிற போல்ட் எம்8, எம்10 என்று மில்லிமீட்டர் மரையில் இருக்கும். பக்கத்திலேயே இருக்கிற பெல்ட் பக்கிளின் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அதில் எம்10 தொளதொளவென்று போகும், எம்12 நுழையாது. நுழையாததைத் தட்டி முறுக்கினால் பெல்ட்டின் மரையே காலி. பெல்ட் போல்ட்டைத் தனியாக எடுத்து வைத்து அதையே திரும்பப் போடுங்கள்.

ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது

இதனால் இரண்டு ரயிலும் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றுவிடும். ஒரு பக்கம் பூட்டு விழும், மறுபக்கம் விழாது. டிரைவர் திரும்பும்போது சீட் முறுக்கிக்கொள்வது போல இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நான்கையும் கையால் மரை பிடிக்கும்வரை விடுங்கள். அப்புறம் சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டுங்கள், ரயில் தானாக நேருக்கு வரும். சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்டையும், முன்னால் இழுத்துப் பின் போல்ட்டையும் இறுக்குங்கள். 8.8 தரத்தில் எம்10 என்றால் சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்8 என்றால் 25-க்குள். சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. ஸ்பானருக்குப் பைப் மாட்டி இழுப்பது வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்க ரயிலை மட்டும் மாற்றுவது

ஜோடியாக மாற்றுங்கள். பழைய வண்டிப் பாகம் விற்கிற சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் வாங்கினால், கடையிலேயே ஓட்டிப் பார்த்து, பூட்டுப்பல் கூராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரயிலில் கிரீஸை அப்புவது

மண்ணைப் பிடித்துவைக்கும். துடைத்துவிட்டு மெல்லியதாகப் பூசினால் போதும்.

கட்டை, சாக்கு, அட்டை முட்டுக்கொடுப்பது

கூடாது.

மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் விடுவது

உப்பு, ஐஸ் மீன், கோழி எரு ஏற்றுகிற வண்டிகளில் டிரைவரின் காலோடு கேபினுக்குள் வருவதும் அதுதான். போதாததற்கு ஹோஸ் பைப்பால் உள்ளே அடித்துக் கழுவுகிறார்கள். தண்ணீர் ரப்பர் மேட்டுக்கு அடியில் தங்கி, போல்ட்டைச் சுற்றி வட்டமாகத் துரு பிடிக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் போல்ட்டைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் போல்ட்டை இறுக்கிப் பயனில்லை, தகடு வேலைதான்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ரயில் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் லோடு ஓட்டிவிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோடு நேராக இருந்தால் சரி. விலகியிருந்தால் மறுபடி இறுக்கி அனுப்பாதீர்கள். அந்த போல்ட்டைக் கழற்றி மரையைப் பாருங்கள்.