உடம்பு வைக்கட்டும் என்று ஒரு வகுப்பைப் பறிக்காதீர்கள்

வன்னியில், மல்லாவிப் பக்கத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஓட்டமும் பாய்தலும் பழக்கி வருகிறேன். இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்த மறுநாள் ஒரு தகப்பன் மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். மகன் தரம் 8. 14 வயதுக்குட்பட்ட 100 மீற்றரில் கடைசிக்கு முதல் ஆளாக வந்திருந்தான். “சேர், இவனை எட்டிலேயே இன்னொரு வருசம் விட்டால் என்ன? உடம்பு வைக்கட்டும். அமெரிக்காவில மச்சான்ரை பெடியனை அப்பிடித்தான் செய்தவையாம். இப்ப பள்ளிக்கூட ரீமில நிக்கிறான்.”

பெடியன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வந்திருக்கிறார்கள். பிள்ளையில் உள்ள அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இது பிழையான கணக்கு. எங்கே பிழைக்கிறது என்பதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டு பெரும்பாலும் வகுப்பை வைத்து நடக்கிறது. தரம் 9 முதல் 12 வரை நான்கு ஆண்டுகள் விளையாடலாம், அதற்கு மேல் ஒரு வயதெல்லை உண்டு. பல மாநிலங்களில் அந்த எல்லை 19 வயது. ஆகவே பாலர் வகுப்பில் ஒரு வருடம் பிந்திச் சேர்த்தாலோ எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படிப்பித்தாலோ, பிள்ளை ஒரு வயது கூடிய உடம்போடு அந்த நான்கு ஆண்டுகளுக்குள் நுழைகிறான். பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் ஆள் தேடி வரும்போது அவன் உயரமாகத் தெரிவான். இதற்கு அவர்கள் ‘ரெட்ஷேர்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்த கல்லூரி வீரர்கள் போட்ட சிவப்புச் சட்டையிலிருந்து வந்த பெயர் அது. அங்கேயும் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடக்கிறது. காசுள்ள குடும்பங்களுக்குத்தான் ஒரு வருடத்தைக் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்பது அதில் முக்கியமான முறைப்பாடு.

சரி, இங்கே? எங்கள் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்றுதான் பிரிவுகள். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எல்லா மட்டத்திலும் பிறந்த திகதியைத்தான் பார்ப்பார்கள். எந்தத் திகதியில் வயதைக் கணக்கிடுவது என்பது அந்தந்த ஆண்டுச் சுற்றுநிருபத்தில் இருக்கும். வகுப்பு எதுவென்று அந்தப் பிரிவுக்குக் கவலையில்லை. அந்தத் தகப்பனுக்கு நான் மண்ணில் தடியால் கீறிக் காட்டினேன். மகன் இந்த வருடம் 14 வயதுக்குட்பட்ட பிரிவு. எட்டிலேயே இருத்தினாலும் அடுத்த வருடம் அதே 14தான், அதற்கடுத்த வருடம் 16தான். ஒன்பதுக்கு ஏற்றிவிட்டாலும் அதேதான். ஓட்டத்தில் ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. போனது ஒரு வகுப்பு மட்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறதென்றால், ஆரம்பப் பிரிவில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுவது, பலூன் உடைப்பது போன்றவற்றை வகுப்புவாரியாக வைப்பார்கள். அங்கே ஒரு வயது மூத்த பிள்ளை வெல்லத்தான் செய்யும். அதைப் பார்த்த பெற்றோர் பிறகும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு விசயத்தை மறைக்கக் கூடாது. ஒரு வருடம் பிந்தினால் பாடசாலையை விட்டு வெளியேறுவதும் ஒரு வருடம் பிந்தும். ஆகவே 20 வயதுக்குட்பட்ட பிரிவில் கடைசியாக ஒரு வாய்ப்புக் கூடலாம். கிடைக்கிற ஒரே நன்மை அதுதான். அதற்காக 12 வயதிலேயே பிள்ளையைத் தோழர்களிடமிருந்து பிரித்து, தம்பிமாரோடு இருத்த வேண்டுமா? “பெயிலா?” என்ற கேள்வி பாடசாலை வாசலிலிருந்து கோயில் திருவிழா வரை அவன் பின்னால் வரும்.

தரம் 1 இல் பிந்திச் சேர்ப்பதும் இப்படித்தான். சனவரி 31 ஆம் திகதிக்கு 5 வயது நிறைந்தால் அந்த ஆண்டு சேர்க்க வேண்டும். கட்டாயக் கல்வி 5 முதல் 16 வயது வரை. “அடுத்த வருசம் விடுவம்” என்று இருந்தால் விரும்பிய பாடசாலையில் இடம் கிடைப்பதே சிக்கலாகலாம்.

வன்னியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒரு வருடம் என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். 2008 இல் போரினால் இங்கிருந்து எழும்பி, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று பிள்ளைகளின் கொப்பிகள் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்தன. 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாமில் தறப்பாளுக்குக் கீழே படித்தார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 இல்தான். திரும்பி வந்தபோது மீசை அரும்பிய பெடியன்கள் சின்ன வகுப்பு வாங்குகளில் முழங்கால் இடிக்க இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் மூத்தவர்கள், வகுப்பில் இளையவர்கள். அது அவர்களுக்கு எந்த நன்மையும் தரவில்லை. வெட்கத்தில் பாதியில் நின்று கூலி வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வருடங்களை எடுத்துத் தர ஆசிரியர்கள் பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் படிப்பித்தார்கள். அப்படி மீட்ட ஒன்றை நாங்களே கையால் தூக்கிக் கொடுப்பதா?

வகுப்பில் இருத்துவது பலிக்காது என்று தெரிந்ததும் சிலர் போகிற அடுத்த இடம் பிறப்புச் சான்றிதழ். இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. இடப்பெயர்வில் எத்தனையோ குடும்பங்கள் ஆவணங்களைத் தொலைத்தன. பிறகு பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்தார்கள், பதியாத பிள்ளைகளைக் காலம் பிந்திப் பதிந்தார்கள். அது நேர்மையான தேவை. அந்தக் குழப்பத்தைச் சாட்டாக வைத்துத் திகதியை மாற்றப் பார்ப்பது வேறு. பிள்ளையின் பிறந்த திகதி ஒரு கடதாசியில் மட்டும் இல்லை. பாடசாலை அனுமதிப் பதிவேட்டில் இருக்கிறது, கிளினிக் புத்தகத்தில் இருக்கிறது, பிறகு அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2016 இலிருந்து வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு தரம் பிழையாகப் போனால் கடவுச்சீட்டு, வேலை, ஓய்வூதியம் வரை அது கூடவே வரும்.

ஓர் அஞ்சலோட்டத்தில் ஒரு பிள்ளையின் திகதி இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்ததால் நான்கு பிள்ளைகளின் பதக்கத்தையும் திருப்பி வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மற்ற மூன்று பேரும் என்ன பிழை செய்தார்கள்? அமெரிக்காவில் 2001 இல் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்போல் தொடரிலும் 12 வயதுப் பிரிவில் பந்தெறிந்த பிள்ளைக்கு 14 வயது என்று பிறகு தெரியவந்து, முழு அணியின் வெற்றிகளும் அழிக்கப்பட்டன. உதைபந்தாட்டத்தில் பீபா 2009 இலிருந்து 17 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்துக்கு மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. எலும்பு நுனியில் வளர்கிற பகுதியான வளர்ச்சித் தட்டு முழுதாக மூடிவிட்டதா என்று எலும்பே சொல்லும்.

இனி, பெற்றோர் கவனிக்காத ஒன்று. எங்கள் பிரிவுகள் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அதனால் ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே ஏறத்தாழ இரண்டு வயது வித்தியாசம் இருக்கலாம். 12 முடிந்தவுடன் 14 வயதுக்குட்பட்ட பிரிவுக்குள் வந்த பிள்ளை, அடுத்த ஆண்டு அதே பிரிவில் மூத்த பிள்ளையாகிவிடும். முதல் ஆண்டு தோற்றதைப் பார்த்துவிட்டு “இவனுக்கு ஓட்டம் சரிவராது” என்று நிறுத்துகிறவர்கள், அந்த இரண்டாம் ஆண்டைக் காணாமலே போய்விடுகிறார்கள். மேலே சொன்ன பெடியனுக்கும் இதைத்தான் சொன்னேன். முதல் ஆண்டில் இடத்தைப் பார்க்காதே, உன் நேரத்தைக் கொப்பியில் எழுது. 15.4 செக்கனில் ஓடினவன் ஐப்பசியில் 14.9 ஓடினால் அது முன்னேற்றம். பக்கத்துக் கோட்டில் யார் நின்றால் என்ன?

பயிற்றுநர்களும் இதில் பிழை விடுகிறோம். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்து 1985 இல் எழுதினார். அங்கே வயதெல்லை சனவரி 1. சிறந்த அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாக இருந்தார்கள். தை மாதத்தில் பிறந்தவன் பத்து வயதில் கொஞ்சம் பெரிய ஆளாக இருந்தான், அதனால் தெரிவானான், நல்ல பயிற்சி கிடைத்தது, இன்னும் நல்லாய் வந்தான். கார்த்திகையில் பிறந்தவன் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். பெரிய உடம்பைத் திறமை என்று நினைத்துத் தெரிவு செய்தால் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். இங்கிலாந்து உதைபந்துக் கழகங்கள் சில சமயம் பிள்ளைகளை வயதால் பிரிக்காமல் வளர்ச்சியால் பிரித்து விளையாட விடுகின்றன. அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கிழமையில் ஒரு நாள் உயரம் பார்த்து ஆட்களைப் பிரித்து கபடியோ உதைபந்தோ விளையாட விட்டால், சின்ன உடம்புக்காரனின் கால் வேகமும் புத்தியும் வெளியில் தெரியும்.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதளவிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதளவிலும் வேகமாக உயர்கிறார்கள். சிலருக்கு அதுவே இரண்டு வருடம் பிந்தும். பிந்துவது நோயல்ல, பெரும்பாலும் குடும்ப வாகு. தகப்பனும் பிந்தித்தான் வளர்ந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் ஏதோ ஒரு சத்துமா டின்னை வாங்கிக் கொடுப்பதை விட முட்டை, மீன், பயறு, கௌபி, முருங்கையிலை, நல்ல நித்திரை போதும்.

வீட்டு நிலைக்கதவில் பென்சிலால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையின் உயரத்தைக் கோடு போடுங்கள், திகதியையும் எழுதுங்கள். ஒரு தவணைக்குள் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் அது வேகமான வளர்ச்சிக் காலம். எலும்பு முந்தி, தசையும் நரம்பும் பிந்தி வரும். ஓட்டம் கொஞ்சம் தடுமாறும், முழங்காலுக்குக் கீழே உள்ள மேடும் குதிக்காலும் நோகும். அந்த நாட்களில் பாய்தலையும் கல்லுத் தரையில் வெறுங்காலோடு ஓடுவதையும் குறைக்கச் சொல்லிப் பயிற்றுநரிடம் வந்து சொல்லுங்கள். நொண்டினாலோ இரவில் நோவில் எழும்பினாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெடியனின் வீட்டுக் கதவில் இப்போது மூன்று கோடு இருக்கிறது. அவன் தரம் 9 இல் படிக்கிறான்.