வீட்டில் ஃபாஸ்ட் ஃபுட்: அடுப்பு பற்றவைக்கும் முன்பே தொடங்கும் தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் மாலை ஆறு மணிக்கு ஒரு வண்டிக்கடையில் விளக்கு எரியும். அடுப்பின் சீற்றம் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். கடைக்காரத் தம்பி முட்டையை உடைத்து ஊற்றுவார், கோஸை அள்ளிப் போடுவார், சோற்றைக் கொட்டுவார், வாணலியின் விளிம்பில் கரண்டியை இரண்டு தட்டுத் தட்டுவார். மூன்று நிமிடத்தில் ஃபிரைட் ரைஸ் கைக்கு வந்துவிடும். அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறோம்.

வீட்டில் சோறு குழைகிறது. கோஸ் தண்ணீர் விடுகிறது. மொறுமொறுவென்று எடுத்த கோபி மஞ்சூரியன் மேசைக்கு வருவதற்குள் சொதசொதத்துப் போகிறது. பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டு, கடையில் கிடைப்பது போல இல்லை என்று தட்டைத் தள்ளிவைக்கிறார்கள். சாஸ் எந்த நிறுவனத்துடையது, கடையில் ஏதாவது ரகசியப் பொடி சேர்க்கிறார்களா என்று நாம் தேடத் தொடங்குகிறோம்.

எனக்கு விடை கிடைத்தது ஒரு மதிய வேளையில். கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மணி இரண்டு இருக்கும். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே மூன்று அலுமினியத் தட்டுகளில் வேகவைத்த சோறு மெல்லிசாகப் பரப்பியிருந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, நூல் போல நறுக்கிய கோஸும் கேரட்டும் ஈரம் போக உலர்ந்துகொண்டிருந்தன. ஒருமுறை பொரித்து எடுத்த காலிஃபிளவர் துண்டுகள் சல்லடையில் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தன. அவர் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக் காட்டினார். அது நசுங்கவில்லை, விரலில் ஒட்டவும் இல்லை. "பாதிக் கடை இப்போதே முடிந்துவிட்டது அக்கா" என்றார்.

நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். கடைக்காரரின் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் வீட்டில் செய்து பார்க்கிறோம். அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தை விட்டுவிடுகிறோம்.

சூடான சோறு

குக்கரில் விசில் அடங்கியதும் சோற்றை எடுத்து அப்படியே வாணலியில் போடுவதுதான் முதல் தவறு. சூடான பருக்கையின் மேல்புறம் ஈரமாக, பசை போல இருக்கும். கரண்டி பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி, உடைந்து, கூழாகிவிடும். ஆறும்போது சோற்றிலுள்ள மாவுச்சத்து இறுகி, பருக்கை தனித்தனியாக நிற்கத் தொடங்குகிறது. பழைய சோற்றில் ஃபிரைட் ரைஸ் நன்றாக வருவதற்கு இதுதான் காரணம். அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, நடுவில் ஊசிமுனை அளவு கடினம் இருக்கும்போதே வடித்துவிடுங்கள். தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆறவையுங்கள். புது அரிசியைத் தவிர்த்துப் பழைய அரிசியாக வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டை அரிசிக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறவைப்பது என்றால் காலையில் வடித்த சோற்றை இரவு வரை அடுப்பங்கரையில் மூடிவைப்பது என்று பொருளில்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் இருந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அதில் ஒருவகை நச்சு மீண்டும் வறுத்தாலும் அழியாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். சேலத்துச் சித்திரை வெயிலில் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதனால் மெல்லிசாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஐந்து பேருக்கு ஒரே வாணலி

கடை அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு. அந்தத் தீயில் காய்கறி விடும் நீர் உடனே ஆவியாகிவிடும். நாம் வீட்டு அடுப்பில் ஐந்து பேருக்கான காயையும் சோற்றையும் ஒன்றாகக் கொட்டினால், வாணலியின் சூடு சட்டென்று இறங்கி, வதங்க வேண்டிய காய் தன் தண்ணீரிலேயே வேகத் தொடங்கும். வறுவல் மணம் போய், வெந்த கோஸின் வாடை வரும். நம்மால் தீயைப் பெருக்க முடியாது, அளவைக் குறைக்க முடியும். ஒரு தடவைக்கு ஒன்றரைத் தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு. வாணலி இரும்பாக இருக்கட்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே பெருந்தீயில் காயவைக்கக் கூடாது. சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும்.

எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்ற நம் வழக்கம் இந்த உணவுக்கு ஒத்துவராது. முதல் தட்டு இறங்கியதும் ஒருவர் சாப்பிடட்டும், அடுத்தது இறங்கும்போது அடுத்தவர். கடையில் நின்றபடி சாப்பிடும்போது அது அவ்வளவு ருசிப்பதற்குக் காரணமே வாணலிக்கும் வாய்க்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தொலைவுதான். செய்து முடித்து, ஹாட்பேக்கில் அடைத்து மூடிவைத்தால், உள்ளே ஆவி வியர்த்துச் சொட்டி, பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

சாஸை நடுவில் ஊற்றாமல் வாணலியின் காய்ந்த ஓரத்தில் விடுங்கள். அது சுண்டி எழுப்பும் மணம் தனியானது. சோயா சாஸ் விட்டபிறகு ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நிறம் வரவில்லை என்று மேலும் மேலும் சாஸ் ஊற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

சிவப்பு மீதுள்ள ஆசை

கோபி மஞ்சூரியனுக்குக் கடைச் சிவப்பு வேண்டும் என்று நிறப்பொடி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் வருத்தமெல்லாம் இவர்களைப் பற்றித்தான். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை விதித்தார்கள். கடைக்காரர் கலந்துவிட்டாரே என்று பயந்து வீட்டில் செய்கிறோம். அதே பொடியை நம் கையால் குழந்தைக்குப் போடலாமா? காஷ்மீரி மிளகாய் அல்லது பியாடகி மிளகாய் நான்கை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். காரம் ஏறாமல் நிறம் மட்டும் வரும்.

காலிஃபிளவரை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் போடுவது புழு வெளியேறுவதற்காக. இரண்டு நிமிடம் போதும். அதை மறந்து வேறு வேலை பார்க்கப் போனால் பூ வெந்துவிடும். வெந்த பூவுக்குள் நிற்கும் தண்ணீர், பொரித்த பிறகு மேல்மாவை உள்ளிருந்தே நனைத்துவிடும். வடித்து, துணியில் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்ட பிறகே மாவில் புரட்ட வேண்டும். மைதாவும் கார்ன்ஃப்ளாரும் மட்டும் போடாமல் ஒரு கைப்பிடி அரிசி மாவும் சேர்த்தால் மொறுமொறுப்பு நீடிக்கும். ஒருமுறை வெளிறிய நிறத்தில் பொரித்து எடுத்து வைத்துவிட்டு, பரிமாறும் நேரத்தில் நல்ல சூட்டில் மறுபடி பொரியுங்கள். சிக்கனும் இப்படித்தான். ஆனால் சிக்கனை முதல் தடவையிலேயே உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் முழுதாக வேகவைத்துவிட வேண்டும்.

மயோனைஸ் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பது காரணம். வீட்டில் செய்தால் ஒன்றும் ஆகாது என்று எண்ணாதீர்கள், பச்சை முட்டை எங்கே உடைத்தாலும் பச்சை முட்டைதான். காய்ச்சி ஆறவைத்து நன்றாகக் குளிரவைத்த பால் ஒரு பங்கு, வாசனையில்லாத எண்ணெய் இரண்டு பங்கு எடுத்துக் கை மிக்ஸியால் அடித்தால் கெட்டியாகத் திரண்டு வரும். திரண்ட பிறகு எலுமிச்சைச் சாறும் உப்பும் கடுகுப் பொடியும் சேர்க்கலாம். முன்கூட்டியே புளிப்பை விட்டுவிட்டால் பால் திரிந்துவிடும்.

கிழங்கு விஷயம்

ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் செய்யப்போகும் உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எண்ணெயில் போட்டதும் வெளியே கருத்துவிடும், உள்ளே வேகாமல் நிற்கும். விரல் பருமனில் நறுக்கி, தண்ணீர் தெளியும் வரை கழுவி, துணியில் ஒற்றி எடுத்து, மிதமான சூட்டில் நிறம் மாறாமல் வேகப் பொரித்து, ஆறவிட்டு, பிறகு பெருஞ்சூட்டில் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும்.

ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு உருளைக்கிழங்கைத்தான் தேட வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். நம் மாவட்டம் ஜவ்வரிசிக்குப் பேர் போனது. அந்த ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளிக் கிழங்கு அறுவடைக் காலத்தில் சந்தையில் குவியலாகக் கிடைக்கும். தடித்த தோலை முழுதாக உரித்து, நீளவாக்கில் வெட்டி, நடு நரம்பை உருவிவிட்டு, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியில் சயனைடை விடுவிக்கும் பொருள்கள் இருப்பதால் இந்த வேலையில் சோம்பல் கூடாது. ஆறவைத்து உலர்த்திப் பொரித்தால் வெளியே கண்ணாடி போல நொறுங்கும், உள்ளே பஞ்சு போல இருக்கும். மிளகும் உப்பும் தூவினால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

ஏற்காட்டில் என் சித்தி வீட்டுக்குப் போனால் இந்த வேலைகளுக்கெல்லாம் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. கொதி வந்துவிட்டது என்று சேலத்துக் கணக்கில் இறக்கினால் கிழங்கு நடுவில் நறுக்கென்று இருக்கும். பாக்கெட் நூடுல்ஸுக்கும் உறையில் போட்ட நிமிடம் போதாது. குக்கரில் வேகவைப்பதே அங்கே சரி. இன்னொன்று, பனிமூட்டம். பொரித்ததை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நமத்துவிடும். சித்தி ஆறியதும் சம்புடத்தில் போட்டு இறுக மூடிவிடுவார், மூடியைத் திறந்து வைத்தவருக்கு அன்று திட்டு உறுதி.

பொரித்த எண்ணெயை நாள் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். கருத்து, பிசுபிசுத்து, நுரை கட்டி, சற்றுச் சூட்டுக்கே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

நம் ஊர் செட்

கடைசியாகத் தட்டுவடை செட். மொறுமொறுவென்று பொரித்த இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தருவது. பர்கரும் பீட்சாவும் வருவதற்கு முன்பே சேலத்துக்காரர்களின் மாலைத் தீனி இதுதான். இதை வீட்டில் செய்கிறவர்கள் முதலில் தட்டுவடையில் தவறுகிறார்கள். கடலைப் பருப்பை மணிக்கணக்கில் ஊறவிட்டு, வடிக்காமல் மாவில் போட்டால் எண்ணெயில் வெடிக்கும். அரை மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் கூடினால் வடை எண்ணெயில் பிரிந்துபோகும். மெல்லிசாகத் தட்டி, முள்கரண்டியால் குத்தாமல் விட்டால் பூரி போல உப்பும். வெள்ளைத் துணியில் தட்டிப் பத்து நிமிடம் விட்டால் மேல் ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். மிதமான தீயில் பொரித்து, எண்ணெயின் சலசலப்பு அடங்கிய பிறகே ஜல்லிக்கரண்டியால் எடுக்க வேண்டும். சத்தம் இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

அடுத்த தவறு உள்ளே வைக்கும் காயில். கேரட், பீட்ரூட் துருவலிலும் வெங்காயத்திலும் முன்கூட்டியே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். துருவலைக் கையால் ஒரு பிழி பிழிந்து வையுங்கள். பிழிந்த பீட்ரூட் சாற்றைச் சப்பாத்தி மாவில் ஊற்றிக்கொள்ளலாம். சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் கரண்டியிலிருந்து சொட்டாத கெட்டியில் இருக்க வேண்டும்.

தட்டில் அடுக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆள் வந்து எதிரில் நின்ற பிறகு ஒரு தட்டுவடையை உள்ளங்கையில் வையுங்கள். சட்னிகளைத் தடவி, துருவலை வைத்து, உப்பைத் தூவி, எலுமிச்சையை ஒரு துளி பிழிந்து, மேலே இன்னொரு தட்டுவடையை அழுத்தி, அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் கடியின் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.