ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதப் பழகுகிறவர்கள் சிலர் கவிதைகளை எனக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். பெரும்பாலும் தமிழில் எழுதிக் கை பழகியவர்கள். ஒவ்வொரு முறையும், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. தலைப்பு வைப்பது, எதுகை தேடுவது எல்லாம் நாலு நல்ல கவிதை படித்தாலே உதிர்ந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகப் போகாதவை மட்டும் இங்கே.

17 சிலபிளை நிரப்புவது

ஜப்பானியத்தில் எண்ணுவது 5-7-5 என்று மொத்தம் 17 ஒலிகளை. அவை ஆங்கில சிலபிளைவிட, அதாவது சொல்லை உச்சரிக்கும்போது பிரியும் துண்டுகளைவிட, குட்டையானவை. டோக்கியோ என்ற ஊர்ப்பெயரே அங்கே 4 ஒலி. அதனால் 17 சிலபிள் எழுதினால் கவிதை ஜப்பானிய மூலங்களைவிட நீண்டு தளர்ந்துவிடும். இன்று ஆங்கில இதழ்களில் வருபவை பெரும்பாலும் 17க்கும் குறைவுதான். எண்ணிக்கை போதவில்லையே என்று ‘மெல்லிய’, ‘அழகிய’ என்று சேர்க்கிறீர்களே, கவிதையைக் கெடுப்பது அந்தச் சொற்கள்தான். காய்ந்த கிளையில் காகம் உட்கார்ந்திருக்கும் கவிதையில், ஜப்பானிய ஹைக்கூவின் பேராசான் பாஷோவே நடு அடிக்கு 9 ஒலி வைத்தார்.

மூன்றாவது அடியில் திருப்பம்

இத்தனை பேரிடம் சொல்லியும் இன்னும் எரிச்சல் தருவது இதுதான். தமிழில் ஹைக்கூ சொல்லித்தருகிறவர்கள் பலர் முதலில் சொல்வதே, இரண்டு அடியில் காட்சியைக் காட்டு, மூன்றாவது அடியில் ஒரு போடு போடு, கேட்பவர் அசந்துபோக வேண்டும் என்பதுதான். கவியரங்கில் அது எடுபடும், அப்படி எழுதிய நல்ல கவிதைகளும் தமிழில் உண்டு. ஆனால் அதே கையோடு ஆங்கில ஹைக்கூவுக்கு வந்தால் கவிதை அங்கேயே நின்றுவிடுகிறது.

ஏன் என்றால், ஹைக்கூவின் உயிர், இரண்டு காட்சிகளைப் பிரித்து நடுவில் விழும் வெட்டில் இருக்கிறது. பாஷோ 1686இல் எழுதிய தவளைக் கவிதையில் ‘பழைய குளம்’ என்றதும் ‘யா’ என்ற வெட்டுச்சொல் வருகிறது. அப்புறம் ஒரு தவளை குதிக்கிறது, தண்ணீர்ச் சத்தம். அவ்வளவுதான். குளத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் என்ன உறவு என்று அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வெட்டுச்சொல் கிடையாது, அடி முடியும் இடமோ ஒரு சிறு கோடோதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். வாசகர் உள்ளே நுழைவது அந்த இடைவெளி வழியாக. திருப்பம் வைக்கிற மூன்றாவது அடி அதை அடைத்துவிடுகிறது; ஒருமுறை படித்து ‘அட’ என்று சொன்னால் தீர்ந்தது, மறுபடி படிக்க அதில் எதுவும் மிச்சமில்லை.

ஒருவர் ஆங்கிலத்தில் அனுப்பியதன் பொருள் இது:

மேசைமேல்
அப்பாவின் மூக்குக்கண்ணாடி
அதற்கும் இனி பார்வையில்லை

சார், அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு காய்ந்து கிடக்கும், ஜன்னலுக்கெல்லாம் அப்பாவேதான் பெயிண்ட் அடிப்பார் என்றார். அதை விட்டுவிட்டுப் பார்வையை வைத்துச் சிலேடை பண்ணியிருக்கிறாரே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்புறம் அவர் எழுதியது:

முதல் மழை —
அப்பாவின் கண்ணாடியில் இன்னும்
ஒரு சொட்டுப் பச்சைப் பெயிண்ட்

அப்பா இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. அந்த ‘இன்னும்’ போதும்.

ஒரு கவிதை வீணாவதோடு இது முடிந்தால் பரவாயில்லை. திருப்பத்தை முதலில் யோசித்துவிட்டு அதற்கு ஏற்ற காட்சியைத் தேடுகிற பழக்கம் வந்துவிடுகிறது, எதையும் நின்று பார்ப்பது நின்றுபோகிறது. நல்ல மொழிவளம் உள்ளவர்கள்தான் இதில் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் திருப்பம் சுலபமாக வரும். சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவது அடியைக் கையால் மறைத்துவிட்டு மற்ற இரண்டையும் படியுங்கள். மறைத்த அடி புதிதாக ஒன்றைக் கண்ணுக்கோ காதுக்கோ தந்தால் இருக்கட்டும். மேலே சொன்னதற்கு அர்த்தம் சொல்கிறது என்றால் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

நடந்ததை மட்டுமே எழுதலாம் என்று நினைப்பது

படுக்கையறையில் இறந்த மனைவியின் சீப்பை மிதித்ததாகவும், குளிர் உடம்புக்குள் இறங்கியதாகவும் இன்னொரு ஜப்பானிய ஆசான் பூசோன் எழுதினார். மனைவி அப்போது உயிரோடுதான் இருந்தார். கற்பனை செய்யுங்கள், தடையில்லை. சீப்பு மட்டும் காலில் குத்த வேண்டும்.

செர்ரிப் பூ

பார்த்திராவிட்டால் எழுதாதீர்கள். ஹைக்கூவில் பருவத்தைக் காட்டத்தானே அந்தப் பூ? வேப்பம்பூ உதிர்வதும் பருவம்தான்.

எழுதிய கையோடு ஃபேஸ்புக்கில் போடுவது

பல இதழ்கள் அதையும் ஏற்கெனவே வெளியானதாகக் கொள்ளும். அனுப்பும் எண்ணம் இருந்தால் விதிமுறையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பழைய ஆசான்களோடு நின்றுவிடுவது

பாஷோ, பூசோன், இஸ்ஸா, ஷிகி நால்வரையும் மொழிபெயர்ப்பில் கரைத்துக் குடித்தவர்கள்கூட, இன்று ஆங்கிலத்திலேயே நேராக எழுதப்படும் ஹைக்கூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்க ஹைக்கூ சங்கம் 1968இல் தொடங்கியது, அதன் ‘ஃபிராக்பாண்ட்’ இதழ் 1978 முதல் வருகிறது. 1969இல் தொடங்கிய ‘மாடர்ன் ஹைக்கூ’வும் இருக்கிறது. 1999 முதல் வரும் ‘தி ஹெரான்ஸ் நெஸ்ட்’ இதழின் பழைய கவிதைகளை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஒரு முழு இதழைப் படித்து, ஒவ்வொரு கவிதையிலும் வெட்டு எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். எனக்கு அனுப்புவதை அதற்கப்புறம் அனுப்பலாம்.