நீரிழிவால் பழுதான சிறுநீரகமும் சீன மூலிகையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சிறுநீரக நோயாளிகளின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. சென்ற வாரம், பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருந்தாளர் ஒருவர் கோப்பில் "சீன மூலிகை மாத்திரை" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே மூன்று சொற்களைத்தான் எழுதினேன். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், கண்ட கடையில் வாங்காதீர்கள் என்பவற்றை எல்லோரும் சொல்லியாகிவிட்டது; அவற்றை விட்டுவிடுகிறேன்.

லேபிளைப் படிக்காமல் நகர்வது

68 வயதுச் சீன மூதாட்டி. நீண்ட கால நீரிழிவு. சிறுநீரகம் பாதிக்கும் கீழேதான் வேலை செய்தது. மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். சர்க்கரை லிட்டருக்கு 1.9 மில்லிமோல், மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். நள்ளிரவில் மறுபடி வியர்த்துக் கொட்டி நினைவு தப்பியது. மறுநாளும் அப்படியே. இன்சுலினை நிறுத்திய பிறகும் சர்க்கரை ஏன் இறங்குகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அவருடைய கைப்பையில் சிறு கறுப்பு உருண்டைகள் நிறைந்த ஒரு குப்பி இருந்தது. முதல் நாளே அதைப் பார்த்தவன் நான். சீன எழுத்து எனக்குத் தெரியாது. மூலிகைதானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு சீனத் தாதி லேபிளில் விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். ஒரு கொடியின் வேர், புடலை இனத்துக் கிழங்கு, மக்காச்சோள நார் என்று போய், "கெ லியே பென் நியாவ்" என்ற இடத்தில் விரல் நின்றது. அது செடியின் பெயர் அல்ல. கிளிபென்கிளமைடு; நீரிழிவுக்குத் தரும், சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்து.

அந்த மருந்து சியாவ்கெ வான். நீரிழிவை ஒத்த நோய்க்குப் பழஞ்சீன மருத்துவம் இட்ட பெயர் சியாவ்கெ. கலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவில் முறைப்படி அப்படித்தான் தயாரிக்கிறார்கள். உருண்டைக்கு 0.25 மில்லிகிராம். வேளைக்கு 10 உருண்டை, நாளைக்கு மூன்று வேளை என்றால் 7.5 மில்லிகிராம். கிளிபென்கிளமைடு கல்லீரலில் உடைந்து உண்டாகும் பொருட்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதியை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானால் அவை உடலில் தேங்கி, மருந்தை நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

மூதாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு இரவுகளும் என் மூன்று சொற்களால் வந்தவை. மூலிகை என்ற சொல் காதில் விழுந்ததும் வாசிப்பதை நிறுத்திவிடும் இந்தப் பழக்கத்தை யாரிடம் பார்த்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. லேபிளில் சொல்லாமல் கலப்பவர்களும் உண்டு. 2008இல் இங்கே ஆண்மைக்கென்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகளில் இதே கிளிபென்கிளமைடு இருந்தது. நீரிழிவே இல்லாத 4 பேராவது இறந்தார்கள்.

சர்க்கரை இறங்கியதும் மகிழ்வது

உடலில் சுற்றும் இன்சுலினில் ஒரு பகுதியை அழிப்பது சிறுநீரகம். அது தளரும்போது இன்சுலின் கூடுதல் நேரம் நிற்கிறது, சர்க்கரை தானாக இறங்குகிறது. கஷாயம் தொடங்கிய மாதத்தில் இது நடந்தால் பெயர் கஷாயத்துக்குப் போய்விடுகிறது. முதலில் கிரியாட்டினினை, அதாவது சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவுப் பொருளின் அளவை, பாருங்கள்.

பெயரை நம்புவது

சீனத்தில் "ஃபாங் ஜி" என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கப் போன பெண்களுக்கு ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதில் சிறுநீரகத்துக்கு நஞ்சான அரிஸ்டோலோக்கியா போய்ச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான்.

சிறுநீரில் புரதம் குறைந்தால் போதும் என்று நினைப்பது

லெய்கோங் தெங் என்ற கொடி புரதம் ஒழுகுவதைக் குறைக்கிறது. சீனாவில் நீரிழிவுச் சிறுநீரக நோய்க்கே அதைத் தருகிறார்கள். கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் கெடுக்கவும் வல்லது. ஆண், பெண் இருவருக்கும் குழந்தைப்பேற்றைப் பாதிக்கும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது.

சிறுநீரகத்தைக் காக்கத் தரும் இரத்த அழுத்த மருந்தான வல்சார்டானை நிறுத்திவிட்டு மூலிகை தொடங்குவது

கூடாது.

வார்ஃபரினுடன் தான்ஷென்

வார்ஃபரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, தான்ஷென் ஒரு சீன மூலிகை வேர். இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவு.

அதட்டுவது

ஹுவாங்சி வேர் போன்ற சீன மூலிகைகளைப் பற்றி நம்பிக்கை தரும் ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, சில மாதங்களில் முடிந்துவிடுபவை. டயாலிசிஸைத் தள்ளிப்போடுமா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. இதை நோயாளியிடம் அப்படியே சொல்லலாம். அதட்டினால் அடுத்த முறை குப்பி வீட்டிலேயே இருந்துவிடும். "ஆன்ட்டி, பையில் இருப்பதையெல்லாம் மேசையில் வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்றுதான் நான் கேட்கிறேன்.

சென்ற வாரம் அந்த இளம் மருந்தாளரை அதே படுக்கைக்குத் திரும்ப அழைத்துப்போனேன். லேபிளைப் படம் எடுத்துத் தாதியிடம் காட்டினோம். ஆறு பொருட்கள், ஆறும் மூலிகைதான். பழைய மூன்று சொற்களை அடித்துவிட்டு, ஆறு பெயர்களையும் கோப்பில் எழுதினார்.